மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது: மலையக இல்லத்துக்கு ஏற்ற விளையாட்டுக் கணினி

விளையாட்டு என்றதும் முகம் சுளிக்கும் பெரியோர் எக்காலத்திலும் உண்டு. கிட்டிப்புள் ஆடிய மகனைக் கடிந்துகொண்டார் பாட்டனார். கணினியில் விளையாடும் மகனைக் கடிந்துகொள்கின்றார் பேரனார். காலம் மாறினாலும் கடிதல் மாறவில்லை. ஆனால் கிட்டிப்புள்ளுக்குக் கொய்யாக் கிளை ஒன்று போதுமாயிருந்தது. கணினிக்கோ ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு வேண்டியிருக்கின்றது. ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டிய விடயமாக இது ஆகிவிட்டது.

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், "சேர், படிக்கவும் விளையாடவும் ஒரு கணினி பூட்டப் போகிறேன், என்னென்ன பாகம் வாங்கலாம்?" என்று எம்மிடம் வந்து கேட்கும் மாணவர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். பதுளை நகரத்துப் பிள்ளைகள் மட்டுமல்லர். பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை எனத் தோட்டந்தோறும் இருந்து வருகின்றனர். அவர்களுக்கு நாம் கூறிவரும் மறுமொழியைச் சற்று விரிவாக இன்று வாசகர் முன் வைக்கின்றோம்.

கணினி விளையாட்டு நேற்று முளைத்த காளான் அன்று. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இளைஞர் சிலர், 1962ஆம் ஆண்டளவில் 'ஸ்பேஸ்வார்' என்னும் விண்கலப் போர் விளையாட்டை ஆக்கினர். அது ஓடிய 'பி.டி.பி.-1' என்னும் இயந்திரம் ஏறக்குறைய 730 கிலோகிராம் நிறையுடையது. அதன் விலை 120,000 அமெரிக்க டொலர். இன்றோ ஒரு கையில் தூக்கிச் செல்லத்தக்க பெட்டி அதனினும் பல்லாயிரம் மடங்கு விரைவாகக் கணக்கிடுகின்றது. விளையாட்டின் மதிப்பும் உயர்ந்துவிட்டது. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் காட்சிப் போட்டியாக இடம்பெற்ற மின்விளையாட்டு, 2023இல் ஹாங்சோ விழாவில் பதக்கம் வழங்கும் போட்டியாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. கணினி வாங்கினால் பதக்கம் வந்துவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. 'உருப்படாதவன் வேலை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடத் தக்கதன்று என்பதே எமது கருத்து.

முதலில் அறையை அளப்போம்

கணினி வாங்கப் புறப்படுபவர் முதலில் விலைப்பட்டியலைப் பார்க்கின்றனர். நாம் முதலில் அளவு நாடாவை எடுக்கச் சொல்வோம்.

எமது தோட்டங்களில் இன்றும் எத்தனையோ குடும்பங்கள் வாழும் லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. பின்னால் ஒரு குசினி. உறக்கமும் உணவும், படிப்பும் பூசையும் இதற்குள்ளேயே நடந்தாக வேண்டும். இந்திய உதவியுடன் அமைக்கப்பட்டு வரும் தனி வீடுகள் 550 சதுர அடி கொண்டவை. அவை கிடைத்தவர் பாக்கியசாலிகள். எஞ்சியோருக்கு ஒரு மேசை போடுவதே ஒரு திட்டமிடல்.

இடம் ஒரு பக்கம். ஓசை மறு பக்கம். லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அயல் வீட்டார் உறங்குகின்றனர். சில பழைய லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதுகூட இல்லை. இரவு பதினொரு மணிக்கு மகன் விளையாடும்போது, விடியற்காலை எழுந்து சமைத்துவிட்டுப் பிரட்டுக்குப் போக வேண்டிய தாய் மூன்றடி தள்ளிப் படுத்திருக்கின்றாள். கணினி விசிறியின் இரைச்சல் அவளுடைய உறக்கத்தைத் திருடுமாயின், மறுநாள் அவள் மலையேறிக் கொழுந்து பறிக்கும்போது அதன் விலையைச் செலுத்துகின்றாள்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் சிறிய, ஓசையற்ற கணினி என்பது அழகுக்காகச் செல்வர் தேடும் பொருள். எமது மலையகத்திலோ அது ஆடம்பரம் அன்று, அவசியம். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

விரலுக்குத் தகுந்த வீக்கம்

பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 33,750 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதமாகிய 2,700 ரூபாவைக் கழித்தால், கைக்கு வருவது 31,050 ரூபா. இதற்குள்தான் அரிசியும் கோதுமை மாவும், மருந்தும் பாடசாலைச் செலவும். ஆகவே தோட்டத்துப் பிள்ளையின் கணினி என்பது தாயின் கொழுந்துக் கூடையிலிருந்தும், கொழும்புக் கடையில் உழைக்கும் அண்ணனின் அனுப்புப் பணத்திலிருந்தும், எடுத்த சீட்டிலிருந்தும் வருவது. ஒரு பாகத்தைத் தவறாகத் தெரிவு செய்தால் வீணாவது பணம் மட்டுமன்று, பலருடைய உழைப்பு.

விலைகளை நாம் இங்கே பட்டியலிடவில்லை. காரணம், அவை நிலையாக நிற்பதில்லை. 2022ஆம் ஆண்டில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை எவரும் மறந்திருக்க மாட்டார். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. 2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதனால் 'ரேம்' விலை உலகெங்கும் கிடுகிடுவென உயர்ந்தது. எனவே நாம் தரக்கூடியது விலையன்று. தெரிவு செய்யும் ஒழுங்கு. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வோம்: விளையாட்டுக் கணினிக்காகத் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போகலாகாது. கையிலுள்ள பணத்துக்குள் அடங்கும் பெட்டியே சிறந்த பெட்டி.

எந்த விளையாட்டு என்று எழுதி வையுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில், தாம் உண்மையாகவே விளையாடப்போகும் மூன்று நான்கு விளையாட்டுகளின் பெயரை எழுத வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் எழுதுபவை வெலோரண்ட், டோட்டா 2, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட் ஆகியன. இவற்றுள் முதல் மூன்றையும் பணம் கொடாமலே விளையாடத் தொடங்கலாம். இவை நடுத்தரக் கணினியிலும் ஓடும். சைபர்பங்க் 2077 போன்றவை வேறு சாதி. அவை தனிக் 'கிராபிக்ஸ் கார்ட்' கேட்பவை.

திரையைப் பற்றியும் ஒரு கணக்கு. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. செகண்டுக்கு 60 படம் வேண்டுமாயின், கணினி அத்தனை புள்ளிகளையும் செகண்டுக்கு 60 தடவை தீட்ட வேண்டும். விளையாட்டை 1280க்கு 720 என்று அமைத்தால் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்பது இலட்சமாகக் குறைகின்றன. வேலை பாதிக்கும் குறைவாகின்றது. சிறிய பெட்டியுடன் வாழ்க்கை நடத்துவோர் அறிந்திருக்க வேண்டிய சூட்சுமம் இது.

பாகங்கள் ஒவ்வொன்றாக

முதலாவது, செயலி. எமது தேவைக்குப் பொருந்துவது, படம் தீட்டும் பகுதியையும் தன்னுள்ளேயே கொண்ட செயலியாகும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'ரைசன் 5 5600ஜி' 2021இல் வெளிவந்தது. ஆறு உட்கருக்கள் உடையது. 65 வாட் அளவினது. 2024இல் வந்த 'ரைசன் 5 8600ஜி' அதே 65 வாட்டில் படம் தீட்டுவதில் நன்கு விஞ்சியது. ஆனால் அது 'டி.டி.ஆர். 5' என்னும் புதுவகை நினைவகத்தையும் புதிய தாய்ப்பலகையையும் கேட்கும். நினைவகம் விலையேறியிருக்கும் காலத்தில், பழைய 'டி.டி.ஆர். 4' வகையைக் கொள்ளும் 5600ஜி ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை. தனிக் கார்ட் இல்லாமையால் விலையும் குறைவு; அக்கார்ட்டின் விசிறிகளும் இல்லை; அவற்றின் ஓசையும் இல்லை.

இரண்டாவது, நினைவகம். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 16 ஜிபி நினைவகத்தை ஒரே பலகையாக வாங்காது, எட்டு எட்டாக இரண்டு பலகைகளாக வாங்க வேண்டும். செயலிக்குள் இருக்கும் படம் தீட்டும் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது. அது பொது நினைவகத்திலிருந்தே அள்ளுகின்றது. 3200 வேகமுள்ள டி.டி.ஆர். 4 பலகை ஒன்று செகண்டுக்கு 25.6 ஜிபி தருகின்றது. இரண்டு பூட்டினால் 51.2 ஜிபி. லயத்துப் பீலி ஒன்றில் இருபது குடம் காத்திருப்பதற்கும், இரண்டு பீலிகளில் பத்துப் பத்தாக நிற்பதற்கும் உள்ள வேறுபாடே இது. தண்ணீர் அதே ஊற்றுத்தான். நிரம்பும் வேகம் வேறு.

மூன்றாவது, தாய்ப்பலகையும் 'கேசிங்' எனப்படும் பெட்டியும். வழக்கமான 'ஏ.டி.எக்ஸ்.' பலகை 30.5க்கு 24.4 சென்ரிமீற்றர். 'மைக்ரோ ஏ.டி.எக்ஸ்.' 24.4 சதுரம். 'மினி ஐ.டி.எக்ஸ்.' 17 சென்ரிமீற்றர் சதுரம் மட்டுமே. தைவான் நாட்டு வீயா நிறுவனம் 2001இல் வகுத்த அளவு அது. மிகச் சிறியது வேண்டுமெனின் மினி ஐ.டி.எக்ஸ்.; ஆனால் பொருள் சிறுத்தால் விலை பெருக்கும். பணம் போதாதவர்கள் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகையையும் அதற்கேற்ற சிறு பெட்டியையும் எடுத்தால் சில அங்குலத்தை இழந்து பல ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடிக்கலாம். மேசைக்கு அடியில் இடமுண்டாயின் அதுவே எமது பரிந்துரை.

பலகையும் பெட்டியும் மின்வழங்கியும் ஒன்றாகச் சேர்ந்து வரும் சிறு பெட்டிகளும் உண்டு. ஏஸ்ரொக் நிறுவனத்தின் 'டெஸ்க்மினி எக்ஸ் 300' என்பது நீள அகலம் 155 மில்லிமீற்றர், உயரம் 80 மில்லிமீற்றர் கொண்டது. கொள்ளளவு இரண்டு லீற்றருக்கும் குறைவு. 5600ஜி செயலியை ஏற்கும். மின்சாரத்தை வெளியே உள்ள விசிறியற்ற அடப்டர் தருவதனால் ஓர் ஓசை குறைகின்றது. ஆயின் அதற்குள் தனிக் கார்ட் ஒருநாளும் பூட்ட முடியாது. மடிக்கணினி வகை நினைவகமே பொருந்தும். இன்னுமொரு கண்ணி: அதனுள் 46 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட குளிர்விப்பான் அடங்காது. 5600ஜி செயலியுடன் இலவசமாக வரும் குளிர்விப்பானின் உயரம் 54 மில்லிமீற்றர். எட்டு மில்லிமீற்றரால் முழு வேலையும் நின்றுபோகும்! 37 மில்லிமீற்றர் உயரமுள்ள நொக்ரூவா 'என்.எச்.-எல்9ஏ' போன்ற தட்டையான ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். அளவு நாடா வேண்டும் என்று நாம் முன்னரே சொன்னதன் பொருள் இப்பொழுது விளங்கும்.

நான்காவது, மின்வழங்கி. நாம் கூறிய கணினி முழுவதும் விளையாடும்போதுகூடப் பெரும்பாலும் 100 வாட் சுற்றிலேயே இழுக்கும். 750 வாட் வேண்டும் என்று கடைக்காரர் வற்புறுத்தினால் தலையசைக்க வேண்டியதில்லை. ஆனால் கேசிங்குடன் 'சும்மா' தரப்படும் பெயரற்ற மின்வழங்கியை ஏற்கவே கூடாது. பழுதாகும்போது அது தான் மட்டும் போகாது. தாய்ப்பலகையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகும். '80 பிளஸ்' சான்று பெற்ற, உத்தரவாதமுள்ள சாதாரண மின்வழங்கி போதும்.

ஐந்தாவது, சேமிப்பகம். சுழலும் வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றி முனகுவது. 22க்கு 80 மில்லிமீற்றர் அளவுள்ள 'எம்.2' வகை எஸ்.எஸ்.டி. ஒன்றில் அசையும் பகுதியே இல்லை. எனவே ஓசையும் இல்லை.

பின்னர் பணம் வரும்போது தனிக் கார்ட் பூட்ட விரும்புவோர், என்விடியாவின் 6 ஜிபி 'ஆர்.டி.எக்ஸ். 3050' போன்றதை எண்ணலாம். 2024இல் வந்த அது 70 வாட்டுடன் அமைகின்றது. தாய்ப்பலகைத் துளையே 75 வாட் வரை தர வல்லது. ஆகையால் வேறு மின்கம்பி வேண்டாம். அதற்கு இடமுள்ள பெட்டியை இன்றே தெரிவு செய்தல் முன்யோசனை.

ஓசையின் கணக்கு

விசிறியின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் காற்றும் இரு மடங்காகும். ஓசையோ சுமார் 15 டெசிபெல் உயரும். பத்து டெசிபெல் உயர்ந்தாலே காதுக்கு இரு மடங்குச் சத்தமாகத் தோன்றும் என்பர் ஒலி நூலார். அப்படியாயின் இரு மடங்கு காற்றுக்காகக் காது ஏறக்குறைய மூன்று மடங்கு இரைச்சலைச் சுமக்கின்றது. அதற்குப் பதிலாக அதே மெதுவான வேகத்தில் இன்னொரு விசிறியைப் பூட்டினால் ஓசை 3 டெசிபெல் மட்டுமே கூடும். விரைந்தோடும் ஒரு சிறு விசிறியினும் மெல்லச் சுழலும் இரு பெரு விசிறிகள் மேல் என்பது இதனாற் பெறப்படும். 80 மில்லிமீற்றர் விசிறியைவிட 120 மில்லிமீற்றர் விசிறியின் பரப்பு இரண்டே கால் மடங்கு.

பணமின்றியே ஓசையைக் குறைக்கும் வழிகள் மூன்றுண்டு. ஒன்று, விளையாட்டின் அமைப்பில் செகண்டுக்கு 60 படம் என்று வரம்பிடுதல். வரம்பின்றி விட்டால் கணினி தேவையில்லாமல் நூறு, நூற்றைம்பது என்று தீட்டிச் சூடேறும். இரண்டு, 5600ஜி போன்ற செயலியை 65 வாட்டிலிருந்து 45 வாட்டுக்கு இறக்குதல். பல தாய்ப்பலகைகளின் தொடக்க அமைப்பில் இவ்வசதி உண்டு. வேகம் சற்றே குறையும். சூடு நன்றாகக் குறையும். மூன்று, விசிறியின் வேகம் சூட்டுக்கேற்ப எவ்வாறு ஏற வேண்டும் என்பதை அதே இடத்தில் நாமே வகுத்தல். இச்செயலிகள் 95 பாகை வரை தாங்கும்படி ஆக்கப்பட்டவை. ஆகையால் 60 பாகை வரை விசிறி ஒரே சீராக மெல்லச் சுழலட்டும். உறங்குபவரை எழுப்புவது சீரான ஓசையைவிட, திடீரென ஏறி இறங்கும் ஓசையே.

இத்தனையும் செய்து விசிறியை அடக்கிவிட்டாலும், விளையாடுபவனின் வாயை யார் அடக்குவது? 'சுடு, சுடு' என்று நள்ளிரவில் கூவும் தம்பிமாருக்குத் தாய்ப்பலகை மருந்தாகாது. கடகடக்கும் விசைப்பலகையை விட்டு, மெத்தென அழுந்தும் சாதாரண விசைப்பலகையை வாங்குங்கள். காதுக்கருவி அணிவோர் ஒலியளவையும் கவனிக்க வேண்டும். பெரியவர் வாரம் 40 மணி நேரம் கேட்பதாயின் 80 டெசிபெலுக்கு மேற்படலாகாது என்றும், பிள்ளைகளுக்கு 75 டெசிபெலே எல்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

எமது மலையின் இயல்பு

வெளிநாட்டு விமர்சகர் எழுதும் ஆலோசனைகளில் ஊவாவின் காற்றும் மழையும் இடம்பெறுவதில்லை. அவற்றை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். உயரம் ஏற ஏறக் காற்று ஐதாகி, சூட்டை அள்ளும் ஆற்றலும் சிறிது குறையும். ஆயின் மலைக்காற்றின் குளிர் அந்த இழப்பை ஈடு செய்துவிடுகின்றது. கொழும்பில் கொதிக்கும் பெட்டி அப்புத்தளையில் சாந்தமாக இருக்கும். ஓசையற்ற கணினிக்கு எமது மலை இயற்கையாகவே உகந்த இடம்.

தீங்குகளும் உண்டு. ஆடி, ஆவணியில் வீசும் உலர்ந்த காற்று ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற நறுமணத்தை அளிப்பது. அதே காற்று கணினி விசிறிக்குத் தூசியையும் அளிக்கின்றது. விறகடுப்பின் புகைக்கரி குளிர்விப்பானின் தகடுகளில் பசைபோல் ஒட்டும். ஆகவே பெட்டியைக் குசினிச் சுவரோரம் வைக்கலாகாது, தரையிலும் வைக்கலாகாது, சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி, மேசைமேல் வைக்க வேண்டும். சூட்டைத் தேடிப் பல்லியும் எறும்பும் கரப்பானும் உள்ளே குடிபுகும். காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலை இட்டால் தூசிக்கும் பல்லிக்கும் ஒரே தடை.

துப்புரவு செய்ய நாள் தேட வேண்டியதில்லை. உலர்காற்றுக் காலம் முடிந்ததும் நவராத்திரி வருகின்றது. சரஸ்வதி பூசைக்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, செருகியைக் கழற்றி, மென்தூரிகையால் தூசியைத் துடைத்துவிடலாம். துடைக்கும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்க. பின்னர் பொட்டு வைப்பவர் பெட்டியின் மேற்புறத்தில் வைக்கட்டும். காற்றுத் துளையில் சந்தனம் அப்பினால் கலைமகள் பொறுத்தாலும் கணினி பொறுக்காது.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி மின்னல் எமக்குப் பழகியது. இடி முழங்கத் தொடங்கியதும் செருகியைக் கழற்றுவதே முதற் காப்பு. இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும். வீட்டு மின்னிணைப்பில் புவிக்கம்பி ஒழுங்காக உள்ளதா என்பதைத் தகுதியுள்ள மின்வினைஞரைக் கொண்டு பார்த்த பின்னரே கணினியைப் பூட்டுக. மின்தடையும் எமக்குப் புதிதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்று அமைச்சரே கூறினார்! சிறு யூ. பி. எஸ். ஒன்று சில நிமிடம் தந்தாலும், எழுதிய பாடத்தைச் சேமித்துவிட்டு முறையாக நிறுத்த அது போதும். நூறு வாட் இழுக்கும் கணினிக்குச் சிறு யூ. பி. எஸ். போதுமாவதும் ஓர் ஆதாயம். மின்கட்டணத்தையும் கணக்கிடுவோம்: 100 வாட், நாளுக்கு மூன்று மணி, முப்பது நாள் என்றால் மாதம் 9 அலகு. படிமுறைக் கட்டணத்தில் ஒரு வீட்டை அடுத்த படிக்கு ஏற்ற இது போதும். திரையின் செலவு வேறு. சக்திமிக்க பெரிய கணினி இதனைப்போல் மூன்று நான்கு மடங்கு விழுங்கும்.

இறுதியாக ஒன்று, கனத்த மனத்துடன் சொல்ல வேண்டியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் 'தித்வா' புயல் பதுளை மாவட்டத்தை என்ன பாடுபடுத்தியது என்பதைக் கூறவும் வேண்டுமோ? மண்சரிவு எச்சரிக்கை வந்தால் முதலில் மனிதர். அடுத்துப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் மருந்தும். கணினிக்காக ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. அதனாலேயே பாடக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் ஒரு 'பென் டிரைவ்'வில் பிரதி எடுத்து, அந்தச் சான்றிதழ்களுடனேயே ஒரு பொலித்தீன் உறையில் வைத்திருங்கள். பெட்டி போனால் பெட்டியோடு போகட்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

கொழும்புப் பம்பலப்பிட்டியில் யுனிட்டி பிளாசா என்னும் கட்டடத்தில் கணினிக் கடைகள் வரிசையாக உள்ளன. விலையை ஒப்பிட அது வசதி. ஆனால் பழுதான பாகத்தை மாற்றப் பதுளையிலிருந்து கொழும்புக்குப் போய் வருவது ஒரு நாட் சம்பளத்தையும் பயணச் செலவையும் சேர்த்து விழுங்கும். ஆகவே சில நூறு ரூபா கூடுதலாயினும், உத்தரவாதத்தை உள்ளூரிலேயே நிறைவேற்றும் கடை மலிவானதே. பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'பிறகு தருகிறேன்' என்னும் வாக்குறுதியைப் பற்றுச்சீட்டாக ஏற்க வேண்டாம்.

அலுவலகங்கள் கழித்த சிறு கணினிகளும் விற்பனைக்கு வருகின்றன. லெனோவோ 'டைனி', டெல் 'மைக்ரோ' போன்றவை ஏறக்குறைய ஒரு லீற்றர் கொள்ளளவே உடையன. ஓசையும் மிகக் குறைவு. படிப்புக்கும் எளிய விளையாட்டுகளுக்கும் இவை போதும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்க இன்டெல் செயலி எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் மலிந்து கிடப்பதன் இரகசியம் இதுவே. லினக்ஸ் இயக்குதளத்தைப் பழகத் துணிந்தவர் மட்டும் அவற்றை நாடலாம். எதை வாங்கினாலும் கடையிலேயே அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓட விட்டு, காதைப் பெட்டியருகே வைத்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சமிக்ஞை தேடிப் பதுளை மாவட்டத்துப் பிள்ளைகள் மலையுச்சிகளுக்கு ஏறிப் பாடம் படித்தனர். சிறு கைபேசித் திரையில் கணிதம் கற்ற பிள்ளைக்கு மேசையில் ஒரு கணினி எவ்வளவு பெரிது என்பதை அவர்களே அறிவர். விளையாடும் அதே பெட்டியில் நிரல் எழுதப் பழகலாம்; படம் வரையலாம்; கணக்குப் பதியலாம். எமது மாவட்டத்திலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டு முதல் இருக்கின்றது. அங்கே கணினித் துறையில் பட்டம் பெறவும் வழியுண்டு. தன் கையால் ஒரு கணினியைப் பூட்டிய பிள்ளை, அது எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் பாதியளவு கற்றுவிட்டான். பூட்டும்போது தங்கையையும் அருகிலிருத்துங்கள்; திருப்புளி ஆண்பிள்ளைக்கு மட்டும் உரியதன்று.

கணினி வருமுன்னரே நேர ஒழுங்கைப் பேசி முடிவு செய்யுங்கள். வந்த பின் சொல்வது சண்டையில் முடியும். பரீட்சைக் காலத்தில் எத்தனை மணி, இரவில் எத்தனை மணிக்கு நிறுத்துவது, தாய் உறங்கிய பின் விளக்கு எவ்வாறு என்பவற்றை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவிடலாம். அறையை அளந்து, பணத்தை எண்ணி, அடுத்த சுவருக்கு அப்பால் உறங்குபவரையும் நினைந்து தெரிவு செய்த பெட்டி அளவில் சிறிதாயினும், அந்த வீட்டில் அதற்குரிய இடத்தை எவரும் மறுக்க மாட்டார்.